வலது இருக்கைக்குப் போகும் வழி: விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபிசர் ஆவதற்கான பயிற்சியும் உரிமங்களும்

பயணிகள் விமானத்தின் காக்பிட்டில் இடப்பக்கம் கேப்டன், வலப்பக்கம் ஃபர்ஸ்ட் ஆபிசர். தமிழில் துணை விமானி என்று எழுதுகிறோம். அந்தத் 'துணை' என்ற சொல்லைப் பார்த்து, கேப்டன் ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது வேறு. ஒரே நாளில் இரண்டு பறப்புகள் இருந்தால் பெரும்பாலும் ஒன்றைக் கேப்டன் ஓட்டுவார், மற்றதை ஃபர்ஸ்ட் ஆபிசர் ஓட்டுவார். ஓட்டுகிறவர் பைலட் ஃப்ளையிங். ரேடியோவில் பேசி, கருவிகளைக் கவனித்து, தவறு கண்டால் சொல்கிறவர் பைலட் மானிட்டரிங். கடைசி முடிவும் பொறுப்பும் கேப்டனுடையவைதான். ஆனால் கேப்டன் நடுவானில் மயங்கிச் சாய்ந்தால் விமானத்தைப் பத்திரமாக இறக்க வேண்டியவர் வலப்பக்கம் இருப்பவர். அதைச் சிமுலேட்டரில் முறையாகப் பயிற்றுவிக்கிறோம்.

ஆகவே பயிற்சியில் எந்தப் படியில் நின்றாலும், 'வலது இருக்கையில் உட்காரும்போது இது எனக்கு என்ன தரும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் வாங்குவது மட்டுமே குறியாக இருந்தவர்கள் விமான நிறுவனத்துக்குள் வந்தபின் திணறுவதைப் பயிற்சியாளர் இருக்கையிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன

1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையிலிருந்து பிறந்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சுருக்கமாக ஐகாவோ. அதன் இணைப்பு 1 விமானிகளின் உரிமங்களுக்கான குறைந்தபட்ச அளவுகோலைத் தருகிறது. ஒவ்வொரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பும் அதைத் தன் சட்டமாக மாற்றிக்கொள்கிறது. அமெரிக்காவில் எஃப்ஏஏ, ஐரோப்பாவில் ஈயாசா, இந்தியாவில் டிஜிசிஏ. ஐகாவோ அளவைவிடக் கடுமையாக வைக்க நாடுகளுக்கு உரிமை உண்டு, பல நாடுகள் வைத்தும் இருக்கின்றன. பெயர் சொல்லாமல் கீழே வரும் எண்கள் ஐகாவோவின் அளவுகள். உங்கள் உரிமத்தை எந்த நாடு தரப்போகிறதோ அந்த நாட்டின் விதிப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு நாட்டில் வாங்கிய உரிமத்தை இன்னொரு நாட்டில் அப்படியே நீட்ட முடியாது. மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மறுபடி தேர்வு எழுதி, செக்கிலும், அதாவது பறப்புச் சோதனையிலும், பறந்து காட்ட வேண்டியிருக்கும். வேலை எங்கே என்று முடிவு செய்துவிட்டுப் பயிற்சி எங்கே என்று தேடுவதே சரியான வரிசை.

முதல் படி: மருத்துவச் சான்று

வேறு எதற்கும் முன்னால் இதுதான். இரண்டாம் வகுப்புச் சான்றோடு பறக்கத் தொடங்கி, பணத்தில் பாதிக்கு மேல் கரைந்த பிறகு முதல் வகுப்புப் பரிசோதனையில் நின்றுபோனவர்கள் உண்டு. பள்ளிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன் முதல் வகுப்புச் சான்றை வாங்கிவிடுங்கள்.

பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும். கண்ணாடி போட்டு அந்த அளவு கிடைத்தாலும் போதும், பறக்கும்போது இன்னொரு கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று கேள்விப்பட்டு ஆசையைக் கைவிட்ட பிள்ளைகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். நிறப் பார்வைக்கு இஷிஹாரா அட்டைகள் வைப்பார்கள், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அதில் தவறினால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள், பல நாடுகளில் இருக்கிறது. இவை தவிரக் கேட்கும் திறன், இசிஜி, ரத்தம், சிறுநீர். சான்று 12 மாதம் செல்லும், 60 வயதுக்கு மேல் 6 மாதம்தான்.

மனநலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் 9525 விமானத்தை அதன் துணை விமானியே வேண்டுமென்று மலையில் மோதினார், 150 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில், விமானிகளைப் பணியில் அமர்த்தும் முன் உளவியல் மதிப்பீடும், விமானிகளுக்குச் சக விமானிகளே துணைநிற்கும் ஆதரவுத் திட்டமும் கட்டாயமாயின. மனச்சோர்வு என்று சொன்னால் உரிமம் போய்விடும் என்ற பயம் இன்றும் பலருக்கு இருக்கிறது. மறைப்பதில்தான் ஆபத்து அதிகம். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிச் சிகிச்சை எடுத்து, திரும்பப் பறந்துகொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: படிப்பும் மொழியும்

பள்ளிப் படிப்பில் கணிதமும் இயற்பியலும் இருப்பது நல்லது, இந்தியா போன்ற நாடுகளில் அது விதியே. பட்டப்படிப்பு பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை.

ஆங்கிலத் தேர்வை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐகாவோ அளவில் 6 நிலைகள் உண்டு, சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். 4ஆம் நிலைக்காரர் 3 ஆண்டுக்கொரு முறையும், 5ஆம் நிலைக்காரர் 6 ஆண்டுக்கொரு முறையும் மறுதேர்வு எழுத வேண்டும். 6ஆம் நிலை எட்டியவருக்கு மறுதேர்வு இல்லை. இலக்கணப் பிழை இல்லாமல் பேசுவதைவிட, நெருக்கடியில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய சொல்லில் சொல்வதுதான் இங்கே முக்கியம். 1990 ஜனவரி 25 அன்று அவியாங்கா 52 விமானம் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். எமர்ஜென்சி என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் சொல்லியிருந்தார். துணை விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும். அந்த ஒரு சொல் ரேடியோவில் கடைசிவரை வரவில்லை. கட்டுப்பாட்டாளர் வழக்கமான நெரிசல் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் படி: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று பாதைகள் இருக்கின்றன. ஒரே பள்ளியில் ஆரம்பம் முதல் வணிக விமானி உரிமம் வரை தொடர்ச்சியாக முடிப்பது ஒருங்கிணைந்த முறை. தனி விமானி உரிமம், மணி நேரம் சேர்த்தல், வணிக உரிமம் என்று துண்டு துண்டாக, வேலை பார்த்துக்கொண்டேகூட முடிப்பது இரண்டாவது. மூன்றாவது எம்பிஎல், பலர் சேர்ந்து இயக்கும் விமானங்களுக்கான உரிமம். இதை ஐகாவோ 2006இல் கொண்டுவந்தது. இதில் சிமுலேட்டரையும் சேர்த்து 240 மணி நேரம் பயிற்சி, தொடக்கத்திலிருந்தே இருவர் காக்பிட்டில் வேலை செய்யும் முறையில் நடக்கும்.

துணை விமானிக்காகவே வடிவமைத்த பயிற்சி என்று பார்த்தால் எம்பிஎல்தான் மிகப் பொருத்தம். ஆனால் அது பொதுவாக ஒரு குறிப்பிட்ட விமான நிறுவனத்தோடும் ஒரு குறிப்பிட்ட விமான வகையோடும் கட்டிப்போட்டது. நடுவில் அந்த நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் கையில் இருக்கும் உரிமத்தோடு வேறிடம் போவது கஷ்டம். நிறுவனத்தின் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், கடைசியாக முடித்துப் போனவருக்கு எத்தனை மாதம் ஆனது. பிறகு வாசலில் காத்திருக்கும் மாணவர்களிடம் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள்.

நான்காம் படி: தனியாகப் பறப்பது முதல் வணிக உரிமம் வரை

தனி விமானி உரிமத்துக்கு வயது 17, பறப்பு 40 மணி நேரம். செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் தொடங்குவீர்கள். பயிற்றுநர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு 'போய் வாருங்கள்' என்று சொல்லும் முதல் சோலோ எந்த விமானிக்கும் மறக்காது.

வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, வயது 18. பறப்பு மொத்தம் 200 மணி நேரம். அங்கீகரித்த தொடர் பயிற்சியாக இருந்தால் 150 போதும். இதில் 100 மணி நேரம் (தொடர் பயிற்சியில் 70) பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் பொறுப்பு விமானியாக இருக்க வேண்டும். குறைந்தது 540 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நெடும்பயணத்தில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி நிற்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில்தான் பலருடைய அடித்தளம் ஆட்டம் காண்கிறது. ஐரோப்பிய முறையில் 13 பாடங்கள்: விமானச் சட்டம், விமானத்தின் உடற்கூறும் எஞ்சினும், கருவிகள், எடையும் சமநிலையும், செயல்திறன், பறப்புத் திட்டமிடல், மனிதத் திறனும் வரம்பும், வானிலை, பொது வழிகாண்முறை, ரேடியோ வழிகாண்முறை, இயக்க நடைமுறைகள், பறத்தலின் கோட்பாடு, தகவல்தொடர்பு. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

கேள்வி வங்கியை மனப்பாடம் செய்து 90க்கு மேல் வாங்கிவிடலாம். அப்படி வாங்கிய ஒருவரிடம், 60 பாகை சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாத வேகம், என்ன ஆகும் என்று கேட்டேன். '41 சதவீதம் கூடும்' என்று நொடியில் பதில் வந்தது, சரியான பதில். ஏன் என்றேன். மௌனம். சாய்ந்த இறக்கை விமானத்தை அதே உயரத்தில் தாங்க எடையைப் போல இரண்டு மடங்கு தூக்கு விசை தர வேண்டும், வேகத்தின் இருமடியைப் பொறுத்தே தூக்கு விசை என்பதால் இரண்டின் வர்க்கமூலம் 1.41 என்று அங்கே வந்து நிற்கிறது. இது புரிந்தவருக்கு, தரையிறங்கத் திரும்பும்போது வேகம் குறைவதைப் பார்த்தாலே உள்ளே ஒரு மணி அடிக்கும். 41 என்ற எண்ணை மட்டும் வைத்திருப்பவருக்கு அடிக்காது.

ஐந்தாம் படி: இரட்டை எஞ்சினும் கருவிப் பறப்பும்

டயமண்ட் டிஏ42 அல்லது பைப்பர் செனெகா போன்ற இரட்டை எஞ்சின் விமானத்தில், ஒரு எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதே பாடத்தின் மையம். எந்தப் பக்கம் நின்றது என்பதைக் காலால் கண்டுபிடிப்போம். விமானத்தை நேராக வைக்க ஒரு கால் ரடரை, அதாவது வாலிலுள்ள சுக்கானின் மிதியை, அழுத்திக்கொண்டிருக்கும், வேலையில்லாமல் இருக்கும் கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றுபோனது.

வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவிப் பறப்புத் தகுதிக்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி வேண்டும், அதில் ஒரு பகுதியைச் சிமுலேட்டரில் செய்யலாம். பொறுப்பு விமானியாக 50 மணி நேர நெடும்பயணமும் வேண்டும். மேகத்துக்குள் போனதும் உள்காது பொய் சொல்லத் தொடங்கும். மெதுவாகத் திரும்பும் விமானத்தில் சற்று நேரத்தில் காதிலுள்ள திரவம் அடங்கிவிடும், நேராகப் போகிறோம் என்று உடம்பு சாதிக்கும். சாய்வைச் சரிசெய்தால் எதிர்ப்பக்கம் சரிவதாகத் தோன்றும். கழுத்தும் தோளும் ஒரு பக்கம் இழுக்க, கண்ணை மட்டும் கருவியில் வைத்து, கருவி சொல்வதற்குக் கட்டுப்பட்டுக் கையை நகர்த்தப் பழகுவதுதான் இந்தப் பயிற்சி. ஃபர்ஸ்ட் ஆபிசராக நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு இதைவிட நெருக்கமான பாடம் சிபிஎல் கட்டத்தில் இல்லை. மணிக்கணக்கு முடிந்ததும் நிறுத்தாதீர்கள், வாய்ப்புக் கிடைக்கும் ஒவ்வொரு பறப்பிலும் செய்யுங்கள்.

200 மணி நேரமா, 1500 மணி நேரமா?

நாடுகள் பிரிந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். ஐகாவோ விதியில் சிபிஎல்லும் கருவித் தகுதியும் உரிய விமான வகைத் தகுதியும் இருந்தால் துணை விமானியாகப் பணியாற்றலாம். ஆகவே உலகின் பெரும்பகுதியில் 200 மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தவர் ஏர்பஸ் ஏ320இன் வலது இருக்கையில் உட்கார முடியும்.

அமெரிக்காவில் முடியாது. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார், ஃபர்ஸ்ட் ஆபிசர் கேட்காமலே ஃப்ளாப்பை, அதாவது குறைந்த வேகத்தில் தாங்க இறக்கையிலிருந்து நீட்டும் தகட்டை, மடக்கினார். 2010இல் அங்கே சட்டம் வந்தது. 2013 முதல் விமான நிறுவனத்தின் துணை விமானிக்கும் ஏடிபி சான்று, அதாவது விமான நிறுவன விமானிக்கான உயர்நிலை உரிமம், வேண்டும்: வயது 23, பறப்பு 1500 மணி நேரம். ராணுவ விமானிகளுக்கு 750, உரிய இளங்கலைப் பட்டதாரிகளுக்கு 1000 என்று சலுகை உண்டு, அப்போது வயது 21 போதும். எழுத்துத் தேர்வுக்கு முன் 30 மணி நேர வகுப்பும் 10 மணி நேர சிமுலேட்டரும் கொண்ட ஒரு படிப்பை முடிக்க வேண்டும். மணி நேரம் சேர்க்க அங்கே பெரும்பாலோர் பயிற்றுநராக வேலை செய்கிறார்கள்.

கோல்கன் விமானத்தின் இருவருமே 1500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வானிலையில் ஒரே ஊரைச் சுற்றிய ஆயிரம் மணி நேரத்தைவிட, மேகத்திலும் இரவிலும் தெரியாத விமான நிலையத்திலும் பறந்த முந்நூறு மணி நேரம் எனக்குப் பெரிது. நீங்கள் எந்த நாட்டு விதியில் இருந்தாலும் உங்கள் மணி நேரத்தை அப்படி நிரப்புங்கள்.

ஆறாம் படி: இருவராக வேலை செய்யப் பழகுதல்

இதுவரை தனி ஆளாகப் பறந்தீர்கள். இப்போது எம்சிசி என்னும் பலர் குழு ஒத்துழைப்புப் பயிற்சி. யார் எதைச் சொல்வது, யார் எந்தச் சுவிட்சைத் தொடுவது, செக்லிஸ்டைக் கேட்பதும் பதில் சொல்வதும் எப்படி என்று எல்லாம் புதிது.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனிமழையில் ஏர் ஃப்ளோரிடா 90 புறப்பட்டது. உணரியில் பனி அடைத்து, எஞ்சின் கருவி உண்மையைவிட அதிகத் திறனைக் காட்டியது. அன்று ஓட்டியவர் ஃபர்ஸ்ட் ஆபிசர். ஓடுபாதையில் ஓடும்போதே இது சரியில்லை என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னார். கேப்டன் சரியாகத்தான் இருக்கிறது என்றார். விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது, 78 பேர் இறந்தார்கள். அவர் கண் சரியாகப் பார்த்தது, வாயும் திறந்தது. ஆனால் 'புறப்பாட்டை நிறுத்துங்கள்' என்ற சொல்லாக அது மாறவில்லை. இன்றைய சிஆர்எம் பயிற்சியில், அதாவது காக்பிட் குழுவாகச் சேர்ந்து வேலை செய்யும் பயிற்சியில், படிப்படியாக அழுத்தம் கூட்டக் கற்றுத்தருகிறோம்: முதலில் பார்த்ததைச் சொல், பிறகு கவலையைச் சொல், பிறகு தீர்வைச் சொல், கடைசியில் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள். பெரியவர் முன் குரல் உயர்த்தாதே என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் பழக்கம் தேவை. வீட்டில் கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடவே, கவிழும் நிலையிலிருந்து மீளும் பயிற்சி. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தபோது வலது இருக்கையில் இருந்த இளைய விமானி மூக்கை மேலே தூக்கியே வைத்திருந்தார், விமானம் ஸ்டாலிலேயே கடல்வரை இறங்கியது. 228 பேர் இறந்தார்கள். இன்று ஐரோப்பாவில் முதல் பலர் குழு விமான வகைத் தகுதிக்கு முன் 5 மணி நேர வகுப்பும் 3 மணி நேர உண்மைப் பறப்பும் இதற்கென்றே கட்டாயம்.

ஏழாம் படி: நிறுவனத் தேர்வு

எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, குழு உரையாடல், நேர்காணல், சிமுலேட்டர் மதிப்பீடு என்று போகும். சிமுலேட்டரில் அவர்கள் பார்ப்பது உங்கள் தவறுகளின் எண்ணிக்கையை அல்ல. தவறு நடந்ததை நீங்களே கண்டு, சொல்லி, திருத்துகிறீர்களா, பக்கத்தில் இருப்பவருக்கு உதவுகிறீர்களா என்பதையே பார்க்கிறார்கள்.

எட்டாம் படி: டைப் ரேட்டிங்

ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் தனித்தனித் தகுதி வேண்டும். ஏ320 குடும்பத்துக்கு ஒன்று, போயிங் 737க்கு இன்னொன்று. முதலில் கணினியில் அமைப்புகளைப் படித்துத் தேர்வு எழுதுவீர்கள். அடுத்து அசையாத பயிற்சிக் கருவியில் சுவிட்ச் வரிசையைக் கைக்குப் பழக்குவீர்கள். பிறகுதான் முழு அசைவுச் சிமுலேட்டர். ஒரு அமர்வு பொதுவாக 4 மணி நேரம், பாதி ஓட்டுவீர்கள், பாதி கவனிப்பீர்கள்.

சிமுலேட்டர் நேரம் கிடைப்பது அரிது என்பதால் நள்ளிரவு இரண்டு மணிக்கும் அமர்வு வரும். ஓடுபாதை விளக்குகள் ஓடிவருகின்றன. பக்கத்தில் இருப்பவர் 'வி1' என்கிறார், அதாவது இனி நிறுத்த முடியாது, பறந்தே ஆக வேண்டும். அடுத்த நொடி ஒரு அதிர்வு, மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது. வலது காலை ரடரில் ஊன்றி, நடுக்கோட்டைப் பிடித்து, மெதுவாக மூக்கைத் தூக்க வேண்டும். மேலேறுவது உறுதியானதும் சக்கரத்தை மடக்கச் சொல்ல வேண்டும். மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, கை எஞ்சின் சுவிட்ச் பக்கம் போகத் துடிக்கிறது. போகக் கூடாது. பல நிறுவனங்களில் 400 அடி வரை ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது என்பது விதி. அதன் பிறகும் எந்த எஞ்சின் என்று ஒருவர் சொல்லி, கையை அதன் நெம்புகோலில் வைத்து, மற்றவர் பார்த்து உறுதி சொன்னால்தான் இழுக்கலாம். 2015 பிப்ரவரியில் தைபேயில் டிரான்ஸ்ஏஷியா 235 விமானத்தில் ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சினை நிறுத்திவிட்டார்கள், 43 பேர் இறந்தார்கள். உறுதி சொல்லும் அந்த இரண்டு நொடியை அவசரத்தில் தாண்டுகிறவரை நான் தேற விடுவதில்லை.

கடைசியில் தகுதிச் செக். புதிதாக வருகிறவர்கள் அதன்பின் பயணிகள் இல்லாத உண்மை விமானத்தில் இறங்கி ஏறும் தளப் பயிற்சியும் செய்வார்கள். சிமுலேட்டரில் எத்தனை முறை இறக்கியிருந்தாலும் உண்மையான விமானத்தின் சக்கரம் தரை தொடும் அந்த நொடி வேறு.

ஒன்பதாம் படி: பயணிகளோடு

லைன் டிரெயினிங்கில் பயிற்சிக் கேப்டனோடு வழக்கமான பறப்புகளில் போவீர்கள். முதல் சில பறப்புகளுக்குப் பின் இருக்கையில் இன்னொரு விமானியும் பாதுகாப்புக்கு உட்காருவார். இங்கே திணறடிப்பது ஓட்டுவது அல்ல, வேகம்: ரேடியோ, எரிபொருள் ஆவணம், வானிலை, தாமதம் எல்லாம் ஒன்றாக வரும். அடுத்த நாள் பாதையின் வரைபடங்களை முந்தைய இரவே பார்த்துவிட்டு வாருங்கள், பாதிச் சுமை குறையும். லைன் செக் தேறியதும் முழு ஃபர்ஸ்ட் ஆபிசர்.

தகுதியைத் தக்கவைத்தலும் ஏடிபிஎல்லும்

ஆண்டுக்கு இரண்டு முறை திறன் செக். கடந்த 90 நாளில் 3 புறப்பாடும் 3 தரையிறக்கமும் இருக்க வேண்டும். லைன் செக், தீ அணைப்பு, அவசர வெளியேற்றம், சிஆர்எம் எல்லாம் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். இருவர் இயக்கும் சர்வதேசப் பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம்.

கேப்டன் ஆக ஏடிபிஎல், அதாவது அமெரிக்காவில் ஏடிபி என்று சொல்லும் அந்த உயர்நிலை உரிமம், வேண்டும்: வயது 21, மொத்தம் 1500 மணி நேரம், அதில் நெடும்பயணம் 200, கருவிப் பறப்பு 75, இரவு 100. ஐரோப்பிய முறையில் 13 பாடங்களையும் முன்பே முடித்தவருக்கு, 1500இல் 500 மணி நேரம் பலர் குழு விமானத்தில் சேர்ந்து, செக்கும் தேறியபின் இது கிடைக்கும். இந்த எண்களுக்கெல்லாம் ஆதாரம் உங்கள் லாக்புக், அதாவது பறப்புப் பதிவேடுதான். இரவு, கருவி, நெடும்பயணம், பொறுப்பு விமானி என்ற கட்டங்களை முதல் பறப்பிலிருந்தே அன்றன்றைக்கு நிரப்புங்கள், மாதக் கடைசியில் கூட்டிப் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்குங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வேறிடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.